குச்சிகள் மிதந்து போன பிறகு

தலைஞாயிற்றுக் கடைமடையில்
எனக்கு இலை கிள்ளுகிற வேலை.
களையெடுக்க வந்தவள்தான்.
கையெழுத்து திருத்தமாக இருக்கிறதென்று
ஆய்வு வயல் பக்கம் இழுத்துவிட்டார்கள்.

குத்துக்கு ஓர் இலை.
நுனியில் நகமளவு கிள்ளி
குப்பியில் இட்டு, எண் எழுதி,
ஐஸ்பெட்டியில் அடுக்க வேண்டும்.
மதியச் சோற்றுக்குள் தொண்ணூற்றாறு.
பிறகு பெட்டியோடு திருவாரூர் பஸ்.
மீன் என்று நினைத்து
கண்டக்டர் மூக்கைச் சுளிப்பார்.

"நெல்லுக்குள்ள மொத்தம் நாலே எழுத்து"
என்றார் ஜெசிந்தா மேடம்.
எங்களுக்கு இருநூற்று நாற்பத்தேழு.
அத்தனையும் வைத்துக்கொண்டு
நிவாரண மனு ஒன்று
உருப்படியாய் எழுத வரவில்லை.

அவர் தேடுவது ஒரே ஒரு வரி.
வெள்ளம் தலைக்கு மேல் போனால்
மற்ற நெல் பதறும்,
வெளிச்சத்துக்கு நீளும்,
இருப்பையெல்லாம் தண்டில் கரைத்துவிட்டு
நீர் வடிந்த அன்று மடங்கி விழும்.
அந்த வரி உள்ள நெல் நீளாது.
சேர்த்ததைத் தொடாமல்
தண்ணீருக்கடியில் சும்மா இருக்கும்.
"சும்மா இருக்கக்கூட எழுத்து வேணுமா மேடம்?"
"அதுக்குத்தான் வேணும்."

கார்த்திகையில் அடப்பாறு உடைத்துக்கொண்டது.
பதின்மூன்று நாள்
ஐந்தாம் வகுப்புக் கரும்பலகைக்குக் கீழே
சாம்பார் சாதமும் ஈரப் பாயுமாய்க் கிடந்தோம்.
நாலாம் நாளே தோட்டை அடகு வைத்தேன்,
ஏழாம் நாள் அண்டாவை.
நான் நீள்கிற ரகம்.

வடிந்தபின் போய்ப் பார்த்தால்
பெயர் எழுதி நட்ட மூங்கில் குச்சிகள்
மதகில் ஆகாயத்தாமரையோடு சிக்கிக் குவிந்திருந்தன,
முந்நூறு பெயரும் ஒரே குப்பையாக.
ஆபீஸ் வரைபடத்தில் வரப்பு இருந்தது.
வயலில் வண்டல் மட்டும்.

காப்பீட்டுக்காரர் வந்தார்.
செருப்பைக் கையில் பிடித்தபடி
"ஆய்வு வயலுக்குக் கிடையாது" என்று போனார்.
குத்தகைக்கு உழும் வைரக்கண்ணு
அவர் போகிற திசையில் காறித் துப்பினார்.

மூன்றாம் காலை
அழுகின இலைகளுக்கு நடுவே
ஊசி முனையாய்ப் பச்சை.
முழங்கால் சேற்றில் நின்று எண்ணினேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு குத்து.
எது எவரென்று தெரியவில்லை.
"பேரு எதுக்கு, உசுரு இருக்குல்ல"
என்றார் வைரக்கண்ணு.
ஆனாலும் கிள்ளினேன், ஒவ்வொன்றாக,
அவற்றின் பெயரை அவற்றிடமே கேட்க.

பதில் வர ஒன்பது நாள்.
நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் அந்த வரி இருந்தது.
பதின்மூன்றில் இல்லை.
"பின்ன எப்படி மேடம் பொழச்சுது?"
"தெரியல."
தெரியவில்லை என்று சொல்லும்போது
ஒருவர் முகம் இப்படி மலர்ந்து
நான் பார்த்ததில்லை.

கிழக்கு மூலையில் மட்டும் ஒன்றுமில்லை.
வடிகால் வழியே கடல் ஏறிய இடம்.
வரி இருந்ததும் இல்லாததும்
ஒன்றுபோல் வெளுத்துக் கிடந்தன.
உப்புக்கு வேறு வரியாம்.
அதை இதோடு சேர்க்க
இன்னும் எத்தனை பட்டம் ஆகுமென்று
கேட்டேன். மேடம் பார்வை
பூத்திருந்த உப்பை விட்டு நகரவில்லை.

தையில் அறுத்தோம்.
வைரக்கண்ணு ஒரு மரக்கால் நெல்லை
மடியில் ஏந்திக்கொண்டு கேட்டார்:
"இதை நான் விதைக்கு வச்சுக்கலாமா,
இல்ல, உள்ளே எழுதினவங்க வந்து கேப்பாங்களா?"
"வச்சுக்கலாம். கம்பெனி விதையில்ல."
"எழுதிக் குடுங்க."
எழுதினேன். கையெழுத்து திருத்தமாகவே வந்தது.

அந்தப் பதின்மூன்றின் மணிகளைத்
தனித்தனிச் சட்டியில் முளைக்கவிட்டோம்.
பெயரைக் குச்சியில் எழுதவில்லை,
தகட்டில் கீறிச் சட்டியின் கழுத்திலேயே
கம்பியால் கட்டிவிட்டேன்.

இன்று அவற்றின் இலை மட்டும் பெட்டியில்.
அதே பஸ், அதே கண்டக்டர்.
"மீனா?"
"தண்ணிக்குள்ள கெடந்ததுதான்.
மீன் இல்ல."
நகர்ந்து உட்கார்ந்து
பெட்டிக்கு இடம் விட்டார்.
அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.